பசுவின் வயிற்றில் 52 கிலோ பிளாஸ்டிக்! அதைப் போட்டது யார்?

2019-ம் ஆண்டு அக்டோபர் மாதம். சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு ஒரு பசுவைக் கொண்டு வந்தார்கள்.

கன்று ஈன்று சில நாட்களே ஆன பசு. ஆனால், பால் சரியாகக் கறக்கவில்லை. வலி பொறுக்காமல் அது தன் வயிற்றைத் தன் காலாலேயே உதைத்துக் கொண்டது.

டாக்டர்கள் பரிசோதித்துப் பார்த்தார்கள். வயிறு முழுவதும் ஏதோ அடைத்துக் கொண்டு இருந்தது. உடனே ஆபரேஷன் செய்தார்கள். அது முடிய ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

வயிற்றுக்குள் இருந்து கை கையாக அள்ளி வெளியே போட்டார்கள். போடப் போட வந்து கொண்டே இருந்தது. கடைசியில் நிறுத்துப் பார்த்தார்கள்.

52 கிலோ!

ஓர் ஆளின் எடை! அத்தனையும் பிளாஸ்டிக். அதோடு திருகு ஆணியும், நாணயமும் கூடக் கிடந்தன.

நல்ல வேளையாக ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

அது ஏன் தின்றது?

"பசுவுக்குப் புல்லுக்கும் பிளாஸ்டிக்குக்கும் வித்தியாசம் தெரியாதா?" என்று நீங்கள் கேட்கலாம்.

தெரியும். பசு பிளாஸ்டிக்கைத் தேடிப் போகவில்லை. அது தேடிப் போனது வாழைப்பழத் தோலை. கத்தரிக்காய்க் காம்பை. மிச்சம் ஆன சோற்றை.

அவை எங்கே இருந்தன? ஒரு பிளாஸ்டிக் பைக்குள் இருந்தன. அந்தப் பையின் வாயில் ஒரு முடிச்சு!

நமக்குக் கை இருக்கிறது. முடிச்சை அவிழ்ப்போம். பசுவுக்குக் கை ஏது? பையோடு சேர்த்து விழுங்கியது.

உணவு செரித்துப் போகும். பிளாஸ்டிக் செரிக்காது. அசை போடவும் வராது. சாணத்தோடு வெளியேறுவதும் கடினம். பசுவின் முதல் வயிற்றில் தங்கி, ஒன்றோடு ஒன்று பின்னி, பந்து போல் ஆகி விடும். பிறகு தீனிக்கு இடம் இருக்காது. வயிறு நிறைந்திருக்கும், ஆனால் பசு பட்டினி கிடக்கும்!

ஆக, அந்த 52 கிலோவைப் பசுவின் வயிற்றில் போட்டது யார்? பையில் முடிச்சுப் போட்டவர்கள்தான். அதாவது, நாம்தான்.

பாட்டி வீட்டில் குப்பை இருந்ததா?

பெரியவர்களுக்கு நினைவு இருக்கும். அந்தக் காலத்தில் வீட்டுக் கொல்லையில் ஒரு கழுநீர்ப் பானை இருக்கும். அரிசி களைந்த தண்ணீர், வடித்த கஞ்சி, காய்கறித் தோல், எல்லாம் அதற்குள் போகும். மாட்டுக்காரர் வந்து எடுத்துக் கொண்டு போவார். மாடு வைத்திருப்பவர் வீடு என்றால் கேட்கவே வேண்டாம்.

அந்தப் பானையிலும் பசு தின்றது. ஆனால் அங்கே பையும் இல்லை, முடிச்சும் இல்லை!

சருகும் சாணமும் எருக்குழிக்குப் போகும். அடுப்புச் சாம்பல் பாத்திரம் தேய்க்கும். தேங்காய் நார் அதற்குத் துணை செய்யும். விருந்து முடிந்ததும் வாழை இலை மாட்டுக்குப் போகும்.

கிழிந்த வேட்டி கரித்துணி ஆகும். பழைய புடவை குழந்தைக்குத் தூளி ஆகும். ஓட்டை விழுந்த இரும்பு வாளிக்கு, தெருவில் கூவிக்கொண்டு வருகிறவர் பேரீச்சம்பழம் கொடுப்பார்! குழந்தைகள் அவர் எப்போது வருவார் என்று வாசலில் காத்துக் கிடப்பார்கள்.

மளிகைக் கடையில் சாமான் பொட்டலமாக வரும். பொட்டலத்தைக் கட்டிய சணல் நூலைக் கூடப் பாட்டி உருண்டையாகச் சுற்றி வைப்பாள். எண்ணெய் வாங்கத் தூக்குப் போகும்.

அந்தக் காலத்தில் எல்லாமே நன்றாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. வறுமை இருந்தது. நோய் இருந்தது. பாட்டி சேமித்து வைத்ததற்குப் பாதிக் காரணம் இல்லாமைதான். ஆனால், ஒன்றை அவள் நன்றாக அறிந்திருந்தாள். "தூக்கி எறி" என்று ஓர் இடம் கிடையாது. எறிந்தது எங்காவது போய் விழத்தான் செய்யும்.

எங்கே போய் விழுகிறது?

இன்று நாம் எறிவது எங்கே போகிறது? சென்னையையே எடுத்துக் கொள்வோம்.

சென்னையில் நாள் ஒன்றுக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேருகிறது. ஒரு லாரிக்குப் பத்து டன் என்று வைத்தாலும், தினமும் 500 லாரிக்கு மேல்!

இதைப் பல ஆண்டுகளாக இரண்டு இடங்களில் கொட்டினார்கள். வடக்கே கொடுங்கையூர். தெற்கே பெருங்குடி.

பெருங்குடிக் குப்பை மேடு எந்த இடத்தில் எழுந்தது தெரியுமா? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில்!

சதுப்பு நிலம் என்றால் ஒன்றுக்கும் உதவாத சேற்று நிலம் என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. தென்சென்னையின் பல ஏரிகள் நிரம்பினால் மிச்ச நீர் பள்ளிக்கரணைக்குத்தான் வரும். அங்கே தங்கி, மெல்ல மெல்ல ஒக்கியம் மடுவு வழியாகக் கடலை நோக்கிப் போகும். பஞ்சு போல் நீரை உறிஞ்சி வைத்துக் கொள்ளும் நிலம் அது.

நகரம் வளர வளர, அந்தப் பஞ்சு சுருங்கியது. வீடுகள் வந்தன. சாலைகள் வந்தன. குப்பையும் வந்தது. 2015-ம் ஆண்டு டிசம்பரில் பெருமழை கொட்டியபோது வேளச்சேரி, பள்ளிக்கரணை பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. நீர் நிற்க வேண்டிய இடம் குறைந்து போனது அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று நிபுணர்கள் சொன்னார்கள்.

2022-ம் ஆண்டு ஏப்ரல் மாதக் கடைசியில் பெருங்குடிக் குப்பை மேடு தீப்பிடித்தது. ஒரு நாள் அல்ல, பல நாட்கள் எரிந்தது. புகை சுற்று வட்டாரம் எங்கும் பரவியது.

அந்தக் குப்பை மேட்டைத் தோண்டி, சலித்து, பிரித்து, நிலத்தை மீட்கும் வேலையை மாநகராட்சி மேற்கொண்டது. கலந்து போட ஒரு நிமிடம் போதும். பிரித்து எடுக்க எத்தனை ஆண்டுகள், எத்தனை கோடி ரூபாய்!

இத்தனைக்கும் நடுவில் ஓர் அழகு!

குப்பை ஒரு பக்கம். கட்டடம் மறு பக்கம். இருந்தும் பள்ளிக்கரணை சாகவில்லை.

அங்கே பூநாரைகள் வருகின்றன. நீண்ட கால், வளைந்த மூக்கு, இளஞ்சிவப்பு இறக்கை! கூழைக்கடா வருகிறது. அரிவாள் மூக்கன் வருகிறது. நீல நிறத் தாழைக்கோழி கோரைக்குள் நடக்கிறது. இலைக்கோழி என்று ஒன்று உண்டு. நீரில் மிதக்கும் இலை மேலேயே அது நடந்து போகும். நீண்ட விரல்கள் எடையைப் பரப்பி விடுவதால் இலை அமிழ்வதில்லை.

இவற்றைப் பார்க்கக் காட்டுக்குப் போக வேண்டாம். குளிர்கால விடியற்காலையில் சாலை ஓரம் நின்றாலே கண்ணில் படும்.

ஈரான் நாட்டில் ராம்சார் என்று ஓர் ஊர். அங்கே 1971-ல் பல நாடுகள் கூடி, சதுப்பு நிலங்களைக் காக்க ஓர் உடன்பாடு செய்தன. அந்த உடன்பாட்டின்படி உலகின் முக்கியமான சதுப்பு நிலங்களைப் பட்டியல் போடுகிறார்கள். 2022-ல் பள்ளிக்கரணையும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. சுமார் 1,247 ஹெக்டேர். உலகமே காக்க வேண்டும் என்று சொன்ன இடத்தின் ஓரத்தில்தான் நம் வீட்டுக் குப்பை மலையாகக் கிடந்தது!

ஏன் நாறுகிறது? ஏன் எரிகிறது?

காட்டில் கோடிக் கணக்கான இலைகள் உதிர்கின்றன. பழங்கள் விழுகின்றன. அங்கே குப்பை லாரி இல்லை. ஆனால் காடு நாறுவது இல்லை. ஏன்?

காட்டில் விழுவதற்குக் காற்று கிடைக்கிறது. கண்ணுக்குத் தெரியாத சிறு உயிர்கள், பூஞ்சைகள், புழுக்கள் எல்லாம் சேர்ந்து அதைத் தின்று மண்ணாக்கி விடுகின்றன.

நாம் என்ன செய்கிறோம்? காய்கறித் தோலைப் பையில் போட்டு இறுக்கிக் கட்டுகிறோம். அதன் மேல் ஆயிரம் பைகளை அடுக்குகிறோம். காற்று போவதில்லை. காற்று இல்லாத இடத்தில் வேறு வகை உயிர்கள் வேலை செய்கின்றன. அவை நாற்றத்தை உண்டாக்கும். மீத்தேன் என்ற வாயுவையும் உண்டாக்கும்.

மீத்தேன் எரியக் கூடியது. பூமியைச் சூடாக்குவதிலும் அது வல்லது. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், எடைக்கு எடை, கரியமில வாயுவைவிட 28 மடங்கு சூட்டைப் பிடித்து வைக்கும்.

குப்பை மேட்டின் அடியில் கறுப்பாக ஒரு சாறு இறங்கும். அது நிலத்தடி நீரோடு கலந்தால் கிணற்று நீர் கெடும்.

கவனித்தீர்களா? தோல் ஒன்றுதான். காற்றுப் பட்டால் உரம். கட்டி வைத்தால் விஷம்!

பாதிப் பிரச்சினை நம் கையில்!

நம் நாட்டு வீடுகளில் சேரும் குப்பையில் ஏறக்குறையப் பாதி மக்கும் குப்பை. காய்த்தோல், பழத்தோல், டீத்தூள், பூ, மீந்த சோறு.

உங்கள் வீட்டில் தினமும் அரைக் கிலோ தோலும் காம்பும் சேருகிறது என்று வையுங்கள். ஓர் ஆண்டில் 180 கிலோவுக்கு மேல் ஆகும். உங்கள் தெருவில் 50 வீடுகள் என்றால் 9 டன்! அவ்வளவும் லாரி ஏறாமல், உங்கள் தெருவிலேயே செடிக்கு உணவாகப் போய்விட முடியும்.

இதற்கு வழி என்ன? முதலில், பிரிக்க வேண்டும்.

ஒன்று, மக்கும் குப்பை.

இரண்டு, உலர் குப்பை: காகிதம், அட்டை, பாட்டில், தகரம், பிளாஸ்டிக். காய்ந்து இருந்தால் பழைய பேப்பர்க் கடைக்காரருக்கு இது சரக்கு. குழம்பு பட்டு விட்டால் யாருக்கும் வேண்டாத குப்பை!

மூன்று, ஆபத்தான குப்பை: உடைந்த கண்ணாடி, பிளேடு, ஊசி, பேட்டரி, பழைய மருந்து.

உடைந்த கண்ணாடியைத் தடித்த காகிதத்தில் சுற்றி, மேலே சிவப்புக் கோடு போட்டுக் கொடுங்கள். நாம் கட்டிய பையைப் பிரிப்பது இயந்திரம் அல்ல. ஒரு மனிதரின் கை. அவருக்கும் வீட்டில் குழந்தைகள் காத்திருப்பார்கள்.

குப்பையைத் தெருமுனையில் கொளுத்துவதும் தவறு. பிளாஸ்டிக் புகையில் கொடிய நச்சு உண்டு. அதை முதலில் சுவாசிப்பது கொளுத்தியவர் வீட்டுக் குழந்தைதான்.

பானையில் உரம் செய்வது எப்படி?

தோட்டம் வேண்டாம். மாடி வீட்டின் ஒரு மூலை போதும். இரண்டு பழைய மண் பானைகள் வேண்டும். பானை இல்லை என்றால் ஓட்டை வாளியும் உதவும்.

பானையின் அடியில் ஒரு துளையும், பக்கத்தில் சில துளைகளும் போடுங்கள். இரண்டு செங்கல் மேல் வையுங்கள். அடியில் ஒரு தட்டு வையுங்கள்.

பானையின் அடியில் காய்ந்த சருகோ, தேங்காய் நாரோ நான்கு விரல் கனம் பரப்புங்கள்.

தினமும் காய்த்தோலைச் சிறிதாக நறுக்கிப் போடுங்கள். ஒரு பிடி தோலுக்கு இரண்டு பிடி சருகு. இதுதான் கணக்கு. மறந்து விடாதீர்கள்! சருகுதான் காற்றுக்கு வழி விடும்.

தொடக்கத்தில் ஒரு பிடி தோட்ட மண்ணோ, சாணக் கரைசலோ, ஒரு கரண்டி புளித்த மோரோ சேருங்கள். பாலுக்கு உறை ஊற்றுவது போலத்தான் இதுவும்.

ஈ புகாமல் துணியால் வாயைக் கட்டுங்கள். வாரம் ஒருமுறை குச்சியால் கிளறுங்கள்.

ஒரு பானை நிறைந்ததும் அதை ஒதுக்கி வைத்து விட்டு அடுத்ததைத் தொடங்குங்கள். இரண்டு, மூன்று மாதத்தில் முதல் பானையில் இருப்பது கறுத்து, பொலபொலவென்று உதிரும்.

மீன், இறைச்சி, எலும்பு, எண்ணெய் ஆகியவற்றை இதில் போட வேண்டாம். எலி வரும், நாற்றம் வரும்.

நாற்றம் அடிக்கிறதா? ஈரம் அதிகம். சருகு சேருங்கள். மக்கவே இல்லையா? காய்ந்து விட்டது. கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். கையில் பிடித்தால் கொழுக்கட்டை மாவு போல் நிற்க வேண்டும். தண்ணீர் சொட்டக் கூடாது.

சிறு புழுக்கள் நெளிகின்றனவா? பயப்பட வேண்டாம். அவை உங்களுக்குச் சம்பளம் கேட்காத வேலைக்காரர்கள்!

புழுவை ஆராய்ந்த பேரறிஞர்

புழு என்றதும் முகம் சுளிக்கிறீர்களா? சார்லஸ் டார்வின் சுளிக்கவில்லை.

உயிர்கள் தோன்றி வளர்ந்த விதத்தை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றவர் அவர். அவர் எழுதிய கடைசிப் புத்தகம் எதைப் பற்றி? மண்புழுவைப் பற்றி! 1881-ல் அது வெளிவந்தது. மறு ஆண்டு அவர் காலமானார்.

இங்கிலாந்தின் பல பகுதிகளில், ஒரு ஏக்கர் நிலத்தில், ஆண்டுக்குப் பத்து டன்னுக்கு மேல் மண் புழுக்களின் உடல் வழியே போய் வருகிறது என்று அவர் கணக்கிட்டார். கலப்பை வருவதற்கு முன்பே நிலத்தை உழுதவை மண்புழுக்கள் என்று அவர் கருதினார்.

கறிவேப்பிலைக்கு வந்த விருந்தாளி

உங்கள் பானை உரம் தயாராகி விட்டதா? ஒரு கைப்பிடி எடுத்து முகர்ந்து பாருங்கள். குப்பை நாற்றம் இராது. முதல் மழை விழுந்த மண் வாசனை வரும்! மண்ணில் வாழும் ஒரு வகை நுண்ணுயிர்தான் அந்த வாசனைக்குக் காரணம்.

அதை ஒரு கறிவேப்பிலைத் தொட்டியில் போடுங்கள். செடி துளிர்க்கும். ஒரு நாள் காலையில் இலை மேல் பறவை எச்சம் போல் ஏதோ தெரியும். துடைக்கக் கையை நீட்டாதீர்கள். உற்றுப் பாருங்கள். அது நகரும்!

அது ஒரு வண்ணத்துப் பூச்சியின் குஞ்சுப் புழு. பறவை கொத்தாமல் இருக்க அது போட்ட வேடம் அது. சில நாளில் வேடம் மாறும். இலையைப் போலவே பச்சை ஆகும். பிறகு கூடாக மாறித் தொங்கும். சுமார் பத்து நாளில் கூடு பிளக்கும். கறுப்பு இறக்கையில் வெள்ளைப் புள்ளிகளோடு ஒரு வண்ணத்துப் பூச்சி வெளியே வரும்!

நான்கு இலை போனால் போகட்டும். குழந்தைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். பள்ளிப் புத்தகத்தில் படித்ததை அவர்கள் உங்கள் வீட்டு வாசலிலேயே பார்ப்பார்கள்.

நேற்றைய கத்தரிக்காய்க் காம்பு. இன்றைய துளிர். நாளைய வண்ணத்துப் பூச்சி. இயற்கையில் குப்பை என்று ஒன்று கிடையாது.

மஞ்சள் பை திரும்பி வந்தது!

வந்த குப்பையைப் பிரிப்பது நல்லது. குப்பையே வராமல் தடுப்பது அதைவிட நல்லது.

2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழக அரசு தடை விதித்தது. பை, கப், உறிஞ்சு குழல் எல்லாம் அதில் அடங்கும். 2021 டிசம்பரில் "மீண்டும் மஞ்சப்பை" என்ற இயக்கத்தை அரசு தொடங்கியது.

கல்யாண வீட்டில் தாம்பூலத்தோடு கொடுத்தார்களே, அதே மஞ்சள் பைதான்! ஒரு காலத்தில் அதைத் தூக்கிக் கொண்டு போனால் "பட்டிக்காட்டான்" என்று சிரித்தார்கள். சிரித்தவர்கள் கையிலும் இப்போது அது ஏறி இருக்கிறது.

சட்டம் போட்டால் மட்டும் போதுமா? கடைக்காரர் பை கொடுப்பது நாம் கையை வீசிக் கொண்டு போவதால்தானே?

கடைக்குப் போகும் ஐயாமார்களுக்கு ஒரு வேண்டுகோள். பையை வீட்டில் மறந்து விடுகிறீர்களா? ஒன்றைச் சைக்கிளில் வையுங்கள். ஒன்றை மோட்டார் சைக்கிள் பெட்டியில் வையுங்கள். மாவு வாங்கத் தூக்கு. கறி, மீன் வாங்கப் பாத்திரம். ஓட்டல் சாம்பாருக்கு டிபன் காரியர். கொதிக்கும் சாம்பாரைப் பிளாஸ்டிக் பையில் வாங்கி வந்து குழந்தைக்கு ஊற்ற வேண்டுமா என்ன?

நாளைக் காலையில்...

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாது. வேண்டவும் வேண்டாம்.

இந்த வாரம் குப்பையைப் பிரியுங்கள். அடுத்த வாரம் பானையை வையுங்கள். அதற்கு அடுத்த வாரம் கதவுக்குப் பின்னால் ஒரு துணிப்பையை மாட்டுங்கள். குழந்தைகளிடம் கொழுக்கட்டைப் பதம் பார்க்கும் வேலையைக் கொடுங்கள். சந்தோஷமாகச் செய்வார்கள்.

இடம் இல்லாதவர்கள், நேரம் இல்லாதவர்கள், ஒன்றை மட்டும் செய்தால் கூடப் போதும். சாப்பாட்டு மிச்சத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டாதீர்கள். தனிக் கூடையில் அப்படியே தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள்.

நாளைக் காலையில் குப்பைப் பையின் வாயை இறுக்கிக் கட்டக் கை போகும். அப்போது ஒரு நிமிடம் நில்லுங்கள்.

அந்த முடிச்சை அவிழ்க்க முடியாத ஒரு வாயில்லா ஜீவன், உங்கள் தெருமுனையில் காத்துக் கொண்டு இருக்கிறது.